பழைய யமஹா ஆர்டி350 எல்சியை வீட்டு கராஜுலயே எழுப்பறது: எதை முதல்ல, எதைக் கடைசியில

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெர்பேங்க்னு எங்க போனாலும் யாரோ ஒருத்தர் கராஜுல தார்ப்பாய்க்கு அடியில ஒரு எண்பதுகளோட ஸ்போர்ட் பைக் கிடக்கும், முக்காவாசி நேரம் பாதி கழட்டுன நிலமையில. ஏன் பாதியில நிக்குதுன்னு கேட்டா காசு இல்ல, பார்ட்ஸ் கிடைக்கலன்னு சொல்வாங்க. கிட்டப் போய்ப் பாத்தா டேங்க் மட்டும் புது பெயிண்ட்ல மின்னும், எஞ்சின் இன்னும் பெட்டிக்குள்ள கிடக்கும். காசு எல்லாம் கண்ணுக்குத் தெரியற இடத்துல முதல்லயே போயிடுச்சு, வேலை செய்யற இடத்துக்கு வரும்போது கையும் காலி, மனசும் விட்டுப்போச்சு.

அதனால இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பத்தித்தான். உதாரணத்துக்கு 1980-ல வந்த ஆர்டி350 எல்சியை எடுத்துக்கறேன்: 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், தண்ணியில கூலிங், 47 குதிரைசக்தி. ஃபோர்-ஸ்ட்ரோக் (நாலு ஸ்ட்ரோக்) பைக் வச்சிருக்கறவங்க எஞ்சின் பகுதியை மட்டும் மாத்திப் படிச்சுக்கங்க, மத்த வரிசை அப்படியே பொருந்தும்.

## 1. ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர்

பிரேம் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் பிரஷ் போட்டுத் துடைச்சு போட்டோ எடுங்க, ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்ல இருக்கற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. நம்பர் தேய்ச்சோ மாத்தி அடிச்சோ இருந்தா அந்த பைக்கை எவ்வளவு சல்லிசா குடுத்தாலும் வாங்காதீங்க. நம்ம தென்னாப்பிரிக்காவுல அப்படி ஒரு வண்டியைத் தகுந்த காரணம் இல்லாம வச்சிருக்கறதே குற்றம்.

நாடிஸ் (நாட்டோட வாகனப் பதிவேடு) ரெக்கார்டுல அது என்ன கோடுன்னு கேட்டுக்கங்க. கோடு 2-ன்னா சாதா பழைய வண்டி. கோடு 3-ன்னா அடிபட்டுத் திரும்பக் கட்டுனது, அதுக்கு போலீஸ் கிளியரன்ஸ் ஆச்சான்னு பாக்கணும். கோடு 4-ன்னா அதோட கதை முடிஞ்சுது, திரும்பி ரோட்டுக்கு வரவே முடியாது. எஞ்சின் வேற பைக்குல இருந்து வந்ததுன்னா அதுக்கும் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கணும். பல வருஷம் லைசென்ஸ் கட்டாமக் கிடந்ததுன்னா பாக்கியும் அபராதமும் சேர்ந்து நிக்கும், அதையும் விலை பேசும்போதே கணக்குல சேத்துக்கங்க.

ரோட்வொர்த்தி சர்டிபிகேட் (வண்டி ரோட்டுல ஓடத் தகுதின்னு டெஸ்ட் பண்ணித் தர்றது) 60 நாளைக்குத்தான் செல்லும், அதனால அதை இப்ப எடுக்காதீங்க. பேப்பர் சுத்தமா இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா இப்போதைக்குப் போதும்.

## 2. இடம், டூல்ஸ்

பெரிய இடம் வேண்டாம், ஆனா பூட்டற மாதிரி, மழை சாரல் அடிக்காத இடம் வேணும். கடல் காத்து படற வீடுன்னா கழட்டுன இரும்பு பார்ட் எல்லாத்துலயும் கியூ20 (துரு பிடிக்காம காக்கற ஆயில் ஸ்ப்ரே) அடிச்சு வைங்க, இல்லன்னா நல்லா இருந்த போல்ட்டும் அடுத்த மாசம் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும்.

டூல்ஸுல முதல் காசு ஜேஐஎஸ் (ஜப்பான் அளவு) ஸ்க்ரூ டிரைவருக்குப் போகணும். ஜப்பான் பைக்குல இருக்கற ஸ்க்ரூ பாக்கறதுக்கு சாதா ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனா அதோட குழி வேற அளவு. சாதா பிலிப்ஸ் டிரைவர் வச்சுத் திருகுனா அது மேல ஏறி வழுக்கி ஸ்க்ரூவோட தலையைத் தின்னுடும். புதுசா வர்ற பையங்க முதல் நாள்லயே கிளட்ச் கவர் ஸ்க்ரூ நாலஞ்சைக் காலி பண்றது இதனாலதான். கூடவே சுத்தியால அடிச்சுத் திருப்பற இம்பாக்ட் டிரைவர் ஒண்ணும் வேணும்.

அப்புறம் டார்க் ரெஞ்ச், வெர்னியர், பீலர் கேஜ், மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ், பிளைவீல் கழட்டற புல்லர், இந்த மாடலோட ஒர்க்‌ஷாப் மேனுவல். மேனுவல் இல்லாம ஆரம்பிக்காதீங்க. டார்க் அளவு, பிஸ்டன் கிளியரன்ஸ், ப்ளோட் உயரம் எல்லாம் அதுல இருக்கறதுதான் கணக்கு, நான் சொல்றதோ பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றதோ இல்ல.

ஜிப் பை நிறைய வாங்குங்க. ஒரு இடத்துல கழட்டுன ஸ்க்ரூ எல்லாம் ஒரே பையில, வெளிய மார்க்கர்ல எழுதி வைங்க. எஞ்சின் கவர் ஸ்க்ரூ மட்டும் ஒரு அட்டையில கவரோட வடிவத்தை வரைஞ்சு அந்தந்த இடத்துல ஓட்டை போட்டுக் குத்தி வைங்க, ஏன்னா அதுல நீளம் வேற வேற. நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில போட்டு இறுக்குனா கேஸே உடையும்.

## 3. கழட்டாம முதல்ல பாருங்க

வந்ததும் பிரிச்சுப் போடணும்னு கை துறுதுறுங்கும். பொறுங்க. முழுசா இருக்கற பைக்தான் உங்ககிட்ட இருக்கற நல்ல மேப். ஒயர் எந்தப் பக்கமா போகுது, கேபிள் ஸ்டியரிங்குக்கு முன்னாடியா பின்னாடியா, எந்த பிராக்கெட் எங்கன்னு சுத்தி சுத்தி போட்டோ எடுங்க. அதிகமா எடுத்துட்டோமேன்னு யாரும் வருத்தப்பட்டது கிடையாது.

எஞ்சின் சுத்துதான்னு பாக்கணும்னா ஓங்கிக் கிக் அடிக்காதீங்க. பிளக் ரெண்டையும் எடுத்துட்டு ஓட்டை வழியா கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊத்தி ஒரு நாள் விட்டுட்டு, அப்புறம் பிளைவீல் நட்டுல ஸ்பேனர் வச்சு மெதுவா ஆட்டிப் பாருங்க. ஜாமாகியிருந்தா டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊத்தி நாள்கணக்குல ஊற விடுங்க. மூணாவது கியர்ல போட்டுத் தள்ளிவிட்டு ஜாமை எடுக்கறேன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, அவங்க பேச்சைக் கேக்காதீங்க. பிஸ்டனைச் சுத்தியிருக்கற துருப்பிடிச்ச ரிங் அப்படியே போர்ட்டுல (சிலிண்டர் சுவர்ல இருக்கற ஓட்டை) மாட்டி உடையும், அப்புறம் சிலிண்டரும் சேந்து போயிடும்.

டூ-ஸ்ட்ரோக்குல ஒரு நல்ல வசதி இருக்கு. சைலன்சரைக் கழட்டுனா போதும், எக்ஸாஸ்ட் போர்ட் வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனோட முன்பக்கத்தைப் பாத்துடலாம். செங்குத்தா ஆழமான கோடு இருந்தாலோ, அலுமினியம் இழுவி ரிங்கை மூடியிருந்தாலோ அது ஒரு தடவை சீஸ் ஆன, அதாவது பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப் பிடிச்ச எஞ்சின். விலை பேசப் போகும்போதே இதைப் பண்ணலாம், பத்து நிமிஷ வேலை.

சுத்துதுன்னா கம்ப்ரஷன் எடுங்க. நம்பர் எவ்வளவுங்கறதை விட ரெண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்காங்கறதுதான் முக்கியம், நூத்துக்குப் பத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா ஒரு பக்கம் பிரச்சனை.

## 4. பிரேக், டயர்

எஞ்சினுக்கு முன்னாடி பிரேக்கான்னு கேப்பீங்க. ஆமா. எஞ்சின் ஸ்டார்ட் ஆன அன்னிக்கு யாராலயும் சும்மா இருக்க முடியாது, தெருமுனை வரைக்கும் ஒரு சுத்து போய்த்தான் ஆவாங்க. அந்த சுத்துக்கு முன்னாடி நிக்கறதுக்கு வழி பண்ணிடுங்க.

முன் காலிப்பர் பிஸ்டன் ஒட்டியிருந்தா ஹோஸைக் கழட்டறதுக்கு முன்னாடியே, பேடை மட்டும் எடுத்துட்டு பிரேக் லிவரையே அழுத்தி அழுத்தி பிஸ்டனை வெளிய தள்ளுங்க. ஆயில் அழுத்தத்துக்கு ஈடா வேற எதுவும் இல்ல. ஹோஸைக் கழட்டுனதுக்கு அப்புறம்தான் பல பேருக்கு இது ஞாபகம் வருது, அப்ப கம்ப்ரஷர் காத்தை அடிச்சு பிஸ்டன் துப்பாக்கி குண்டு மாதிரி பாஞ்சு விரலை நசுக்குது.

சீல் எல்லாம் புதுசு போடுங்க, ஆனா அதை விட முக்கியம் சீல் உக்கார்ற அந்தக் குழி. உள்ள வெள்ளையா உப்பு மாதிரி படிஞ்சிருக்கும், அதை வளைஞ்ச ஊசியால சுரண்டி எடுக்கலன்னா புது சீலும் பிஸ்டனை நெருக்கிப் பிடிக்கும், பிரேக் விடாம இழுத்துக்கிட்டே இருக்கும்.

பழைய ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா இருந்தாலும் உள்ள வீங்கி அடைச்சிருக்கும், மாத்திடுங்க. ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடறதுன்னா நீளத்தை இப்ப முடிவு பண்ணாதீங்க. பின்னாடி கிளிப்-ஆன் ஹேண்டில் (போர்க் குழாயிலயே மாட்டற தாழ்வான ஹேண்டில்) போடப் போறீங்கன்னா நீளம் மாறும், அதுவரைக்கும் சாதா புது ஹோஸ் போதும்.

டாட் 4 பிரேக் ஆயில், புது பாட்டில். திறந்து வச்ச பாட்டில் நம்ம ஊரு ஈரக்காத்துல தண்ணியை உறிஞ்சிடும், அதை ஊத்தாதீங்க. பின் சக்கரம் டிரம், அதுல ஷூவோட லைனிங் இரும்புல இருந்து பிரிஞ்சு வருதான்னு நகத்தால நெம்பிப் பாருங்க. ஓடும்போது அது பிரிஞ்சா சக்கரமே லாக் ஆகும்.

டயர் பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும். 2315-னு இருந்தா 2015-ல 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பத்து வருஷம் தாண்டுன டயர் பட்டன் எல்லாம் பளிச்சுனு இருந்தாலும் ரப்பர் மரமாயிருக்கும். ரெண்டுமே 18 இஞ்ச் சக்கரம், ஒல்லி டயர். ஸ்டைலுக்காக அகலமா போட்டா திருப்பறது மந்தமாகும், இந்த பைக்கோட சுகமே போயிடும்.

## 5. டேங்க், கார்ப்

டேங்க் உள்ள துரு இருந்தா சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50-ல இருந்து 100 கிராம் வரைக்கும் கரைச்சு, பெட்ரோல் டேப் இருக்கற ஓட்டையை அடைச்சுட்டு, கழுத்து வரைக்கும் ஊத்தி ஒரு நாள் விடுங்க. கொட்டிட்டு சமையல் சோடா கலந்த தண்ணியில கழுவுங்க, இல்லன்னா மிச்ச ஆசிட் தின்னுக்கிட்டே இருக்கும். பையங்க கோட்டை விடறது இதுக்கு அடுத்த நிமிஷத்துல. ஈரமான வெறும் இரும்பு நம்ம ஊரு காத்துல கண்ணு முன்னாடியே திரும்ப மஞ்சளாகும். அதனால உடனே மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊத்திக் குலுக்கித் தண்ணியை வெளிய எடுத்து, வெயில்லயே நல்லாக் காய விட்டு, டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை ஊத்தி உள்ள முழுக்கப் பூசுங்க. ஸ்பிரிட், பெட்ரோல் இருக்கற டேங்க் கிட்ட ஹீட்டர், ஹீட் கன் எதையும் கொண்டு போகாதீங்க, அந்த ஆவி பத்திக்கும்.

கார்புக்கு (பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டர்) வருவோம். ரெண்டு 26 மிமீ மிகுனி. ஒவ்வொண்ணையும் தனித்தனித் தட்டுல பிரிங்க, ரெண்டையும் கலக்காதீங்க. பைலட் ஜெட் (ஐடில்ல பெட்ரோல் விடற சின்ன பித்தளைத் துண்டு) நடுவுல ஒரு முடி அளவு ஓட்டை இருக்கும், அதை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா வட்டமா ஒரு புள்ளி வெளிச்சம் தெரியணும். தெரியலன்னா அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீங்க, பித்தளை மெத்து, ஓட்டை பெருசாயிடும், பெருசானது கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஐடில் வாழ்க்கைக்கும் சரியா வராது. கார்ப் கிளீனர்ல ஊற வச்சுக் காத்தடிங்க, வரலன்னா புது ஜெட் வாங்குங்க.

இப்ப இந்தக் கட்டுரையிலயே ரொம்ப முக்கியமான விஷயம். மெயின் ஜெட் (த்ராட்டில் முழுசா திறக்கும்போது பெட்ரோல் விடறது) மேல பொறிச்சிருக்கற நம்பரை எழுதி வச்சு மேனுவலோட ஒத்துப் பாருங்க. நம்மள்ல பல பேரு பைக்கை ஜோபர்க் பக்கம் வாங்கி பக்கியில (பிக்கப் வண்டி) போட்டு என்3 ஹைவேயில இறக்கிக் கொண்டு வர்றோம். ஜோபர்க் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உசரம், அங்க காத்தழுத்தம் நம்ம கடற்கரையை விடக் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. காத்து கம்மின்னா பெட்ரோலும் கம்மியாத்தான் வேணும், அதனால அங்க இருக்கற நல்ல மெக்கானிக் சின்ன ஜெட் போட்டு வச்சிருப்பாரு. அது அவரு செஞ்ச சரியான வேலை. ஆனா அதே பைக் வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பன் வந்துட்டா காத்து அடர்த்தியாயிடுது, பெட்ரோல் பத்தாது, அதைத்தான் லீன் ஆகறதுன்னு சொல்வாங்க. டூ-ஸ்ட்ரோக் லீன் ஆனா சூடு ஏறும், பிஸ்டன் தலையில ஓட்டை விழும், இல்லன்னா சீஸ் ஆகும். அதுவும் ஓட்டறதுக்கு ரொம்பக் கூர்மையா, சூப்பரா இருக்கற மாதிரி தோணும், தோணிக்கிட்டு இருக்கும்போதே நடக்கும். ஜெட் சரி பண்ணாம புல் த்ராட்டில் திறக்காதீங்க.

ஏர்பாக்ஸ், இன்டேக் ரப்பர் ரெண்டையும் வளைச்சுப் பாருங்க. வளைக்கும்போது தெரியற வெடிப்பு எல்லாம் காத்து இழுக்கற வழி. ரீட் வால்வு (இன்டேக்ல ஒரு பக்கமா மட்டும் திறக்கற வால்வு) இதழை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா இடுக்குல வெளிச்சம் வரக்கூடாது, ஓரம் உடைஞ்சிருந்தா மாத்துங்க.

## 6. எஞ்சின்

ஹெட், சிலிண்டர் கழட்டுனதும் கிராங்க்கேஸ் வாயில சுத்தமான துணியை அடைச்சுடுங்க, வேற எந்த வேலையும் அதுக்கு அப்புறம்தான். கட்ஜன் பின்னை (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கற பின்) பிடிக்கற சர்க்ளிப் வளையம் தெறிச்சு விழற இடம் எப்பவும் அந்தக் குழிதான், விழுந்தா முழு எஞ்சினும் பிரிக்கணும். பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீங்க, ஒரு தடவை வளைஞ்சா பிடிமானம் போயிடும். புதுசு போடும்போது அதோட வாய் மேலயோ கீழயோ பாத்த மாதிரி இருக்கட்டும், பக்கவாட்டுல வேண்டாம்.

போரை, அதாவது சிலிண்டரோட உள்விட்டத்தை, மேல, நடுவுல, கீழ, ரெண்டு திசையில அளக்கணும். வீட்டுல அதுக்கு டூல் இல்லன்னா இன்ஜினியரிங் ஒர்க்‌ஷாப்புல குடுங்க. ஓவர்சைஸ் போர் பண்றதுன்னா பிஸ்டனை முதல்ல வாங்கி, அதையும் கையில குடுத்து, அதுக்கு ஏத்த மாதிரி போர் பண்ணச் சொல்லுங்க. போர் பண்ணிட்டு பிஸ்டன் தேடறது தலைகீழ் வேலை. போர்ட் ஓரங்களை லேசா சாய்ச்சு மழுக்கித் தரச் சொல்ல மறக்காதீங்க, கூரா விட்டா ரிங் அதுல மாட்டும்.

பிஸ்டன் தலையில இருக்கற அம்பு எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது முன்னாடி. ரிங் வாய் நடுவுல பிஸ்டன்ல ஒரு சின்ன பின் நிக்கும், ரிங்கோட ரெண்டு முனையும் அதைக் கட்டிப்பிடிச்ச மாதிரி உக்காரணும். சிலிண்டரை இறக்கும்போது ரிங் பின் மேல ஏறியிருந்தா சிலிண்டர் இறங்காது. இறங்கலன்னா அடிக்காதீங்க, தூக்கிட்டுத் திரும்பப் பாருங்க.

அடுத்தது கிராங்க் சீல் (கிராங்க் தண்டு ரெண்டு முனையிலயும் காத்து கசியாம அடைக்கற ரப்பர் வளையம்). பாதிப் பேரு இதைத் தொடாம விட்டுட்டு அப்புறம் கார்பைக் குறை சொல்லிக்கிட்டுத் திரிவாங்க. டூ-ஸ்ட்ரோக்குல கிராங்க்கேஸ்தான் பம்ப், அதுல காத்து கசியக் கூடாது. இந்த எஞ்சின்ல வலது பக்கம் கிளட்ச், கியர் ஆயில் இருக்கற பக்கம். அந்த சீல் போச்சுன்னா கியர் ஆயில் உள்ள இழுபட்டு எரியும்: வலது சைலன்சர்ல மட்டும் நிக்காம வெள்ளைப் புகை, வலது பிளக் ஈரம், கியர் ஆயில் மட்டம் கொறஞ்சுக்கிட்டே வரும். இடது பக்கம் ஜெனரேட்டர், அங்க ஆயில் கிடையாது. அந்த சீல் போச்சுன்னா வெறும் காத்து உள்ள வரும்: த்ராட்டில் விட்டாலும் ஆர்பிஎம் இறங்காம தொங்கும், இடது பிளக் வெளுத்திருக்கும், கடைசியில இடது பிஸ்டன் போகும். வலது பக்கக் கசிவு புகையைக் காட்டி எச்சரிக்கும். இடது பக்கம் எதையும் காட்டாது, அதான் பயம்.

இதைக் கண்டுபிடிக்க பிரஷர் டெஸ்ட். இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டையும் ரப்பர் ஷீட்டும் தகடும் வச்சு அடைச்சு, ஒரு பழைய டியூப் வால்வு வழியா கையால அடிக்கற பம்பில காத்து ஏத்துங்க. 6 பிஎஸ்ஐ போதும், அதுக்கு மேல ஏத்துனா நல்ல சீலையே வெளிய தள்ளிடும். கேஜ் ஒரு ஆறு நிமிஷமாவது இறங்காம நிக்கணும். இறங்குனா சோப்புத் தண்ணியைத் தடவுங்க, எங்க நுரை வருதோ அங்க கசிவு. கிளட்ச் பக்கத்து சீலுக்கு கியர் ஆயில் ஊத்தற ஓட்டையில காது வச்சாலே சத்தம் கேக்கும். இந்த டெஸ்ட்டை எஞ்சின் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பூட்டுனதுக்கு அப்புறம் ஒரு தடவை பண்ணுங்க.

சீல் மாத்தணும்னா கேஸைப் பிரிக்கணும். கேஸ் மேல-கீழன்னு ரெண்டா பிரியும், எஞ்சினைத் தலைகீழா கவுத்து கீழ்ப்பாதியைத் தூக்கணும். நடுவுல உளி வச்சு நெம்பாதீங்க, வரலன்னா எங்கயோ ஒரு போல்ட் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். கிராங்க்கை அழுத்தி இணைச்சிருக்கறதால பேரிங், கனெக்டிங் ராட் மாத்தறது வீட்டு வேலை இல்ல, அதுக்கு பிரஸ்ஸும் நேர் பாக்கற டயல் கேஜும் வச்சிருக்கற ஆளுகிட்ட குடுத்துடுங்க.

தண்ணி பம்ப் சீலையும் இப்பவே மாத்துங்க. கியர் ஆயில் பால் டீ நிறத்துல வந்திருந்தா அது ஏற்கனவே போயிடுச்சு.

## 7. ஒயரிங்

ஒயரிங் பிரச்சனைன்னு சொல்றதுல பெரும்பாலானது எர்த் பிரச்சனை. பிரேமுக்கு வர்ற ஒவ்வொரு எர்த்தையும் கழட்டி இரும்பு பளபளங்கற வரைக்கும் தேய்ச்சு, மாட்டி, மேல கிரீஸ் தடவுங்க. கனெக்டர் உள்ள பச்சையா பூத்திருந்தா சுத்தம் பண்ணுங்க. ஒரு ஒயரை நீளவாக்குல கீறிப் பாத்து உள்ள செம்பு கருப்பா இருந்தா அந்த ஒயரையே மாத்தணும், சால்டர் பிடிக்காது.

நம்ம நாட்டுல பகல்லயும் ஹெட்லைட் எரியணும்னு சட்டம், அதனால சார்ஜிங் சரியா இருக்கணும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில 14 வோல்ட் பக்கம் வரணும். 15-ஐத் தாண்டுனா ரெகுலேட்டர் போச்சு. பேட்டரி இல்லாமயே ஓடுதேன்னு ஓட்டாதீங்க, வோல்டேஜ் எகிறி பல்பு எல்லாம் போகும்.

## 8. அழுக்கு அசெம்பிளி

இதான் எல்லாரும் தாண்டிக் குதிக்கற படி. பெயிண்ட் இல்லாம, பழைய நிறத்தோட, கீறலோட, பைக்கை முழுசாப் பூட்டி ஓட்டிப் பாக்கணும். ஏன்னா ஓட்டுனாத்தான் தெரியற கோளாறு எக்கச்சக்கம்: போர்க் சீல் (முன் சஸ்பென்ஷன் ஆயில் சீல்) ஒழுகும், ரெண்டாவது கியர் வழுக்கும், ஸ்டியரிங் பேரிங் நடுவுல குழி விழுந்து நேரா பிடிச்சுக்கும். இதை எல்லாம் புது பெயிண்ட் அடிச்ச பிரேம்ல கழட்டி மாட்டுனா கீறல் விழாம இருக்காது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஆட்டோலூப் பம்ப்ல (டூ-ஸ்ட்ரோக் ஆயிலைத் தானா எஞ்சினுக்கு அனுப்பற பம்ப்) இருக்கற காத்தை எடுத்துடுங்க. எடுத்தாச்சுன்னாலும் முதல் டேங்க் பெட்ரோல்ல 50-க்கு 1 கணக்குல ஆயில் கலந்து ஊத்துங்க. பம்ப் வேலை செய்யலன்னா இந்த ஆயில் எஞ்சினைக் காப்பாத்தும், வேலை செஞ்சா கொஞ்சம் புகை அதிகம், அவ்வளவுதான். ஆயில் டேங்க்ல மட்டம் இறங்குதான்னு பென்சில் கோடு போட்டுப் பாருங்க. பம்பைக் கழட்டிப் போட்டுட்டு எப்பவும் கலந்தே ஊத்தறவங்க உண்டு, ரேஸுக்கு அது சரி. ரோட்டுக்கு பம்ப் இருக்கறதுதான் நல்லதுன்னு நான் உறுதியா சொல்வேன், ஏன்னா என்னிக்காவது ஒரு நாள் பெட்ரோல் ஸ்டேஷன்ல ஆயில் கலக்க மறந்துடும்.

ரோட்டுல ஓட்டறதுக்கு லைசென்ஸ் ஆபீசுல ஸ்பெஷல் பர்மிட் வாங்கிக்கங்க.

## 9. கஸ்டமைஸ் பண்றது

ஓடுது, நிக்குதுன்னு ஆனதுக்கு அப்புறம்தான் இது. ஒவ்வொண்ணா பண்ணுங்க, ஒண்ணு மாட்டி ஓட்டிப் பாத்துட்டு அடுத்தது. நாலு மாத்தத்தை ஒரே நாள்ல பண்ணிட்டா எது கெடுத்துச்சுன்னே தெரியாது.

கிளிப்-ஆன் ஹேண்டில்: மாட்டுனதும் ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. கட்டைவிரல் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல மாட்டக் கூடாது. எஞ்சின் ஓடும்போது திருப்பினா ஆர்பிஎம் ஏறுதுன்னா த்ராட்டில் கேபிள் இழுபடுது, அது ஆபத்து. பிரேக் ஹோஸ் நீளத்தை இப்ப அளந்து ஆர்டர் குடுங்க.

ரியர்செட் (பின்னாடி தள்ளி வைக்கற கால் பெடல்): கிளிப்-ஆன் மட்டும் போட்டு பெடலைப் பழைய இடத்துல விட்டா இடுப்பு போயிடும், ரெண்டும் ஜோடி. பின் பிரேக் பெடல் நீளம் குறைஞ்சா அழுத்தமும் குறையும், அதனால அந்த லிவர் கணக்கைப் பாத்து வாங்குங்க.

எக்ஸ்பேன்ஷன் சேம்பர் (நடுவுல வீங்கின டூ-ஸ்ட்ரோக் எக்ஸாஸ்ட்): சத்தம் மாத்தற குழாய்னு நினைக்காதீங்க. பெட்ரோல் கணக்கையே மாத்தும். மாட்டுன அன்னிக்கே மெயின் ஜெட்டை சில சைஸ் பெருசாக்கி, ரிச்சா (பெட்ரோல் அதிகமா) ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா இறங்குங்க. புது பிளக் போட்டு, நல்லா சூடானதும் டாப் கியர்ல புல் த்ராட்டில்ல கொஞ்ச தூரம் போய், அதே நிமிஷம் கிளட்ச் பிடிச்சு எஞ்சினை ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காபி நிறம் வரணும். வெளுப்பா இருந்தா உடனே பெரிய ஜெட். இதை ரோட்டுல பண்ணாதீங்க, போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸி ரேஸ்வே மாதிரி டிராக்ல பண்ணுங்க. ஏர்பாக்ஸைத் தூக்கிட்டு தனித்தனி பில்டர் போடறதை நான் சொல்ல மாட்டேன், மழையில ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி ஓடும், ஜெட் எப்பவுமே பிடிபடாது.

சிங்கிள் சீட் வைக்க பிரேமோட பின் வளையத்தை வெட்டாதீங்க. போல்ட்டுல மாட்டற மாதிரி சீட் கிடைக்கும், செய்யவும் செய்யலாம். வெட்டுன பிரேமுக்குத் திரும்பி வர வழி கிடையாது, விலையும் பாதியாயிடும். கழட்டுன ஒரிஜினல் பார்ட் எல்லாத்தையும் ஆயில் தடவி எடுத்து வைங்க.

கண்ணாடி, ஹாரன், இண்டிகேட்டர், பின் ரிப்ளெக்டர், நம்பர் பிளேட் இடம்: இதுல ஒண்ணு இல்லன்னாலும் டெஸ்ட்டிங் ஸ்டேஷன்ல திருப்பி அனுப்பலாம், டிசைன் பண்ணும்போதே சேத்துக்கங்க.

## 10. இப்ப பெயிண்ட்

எல்லாம் பொருந்தி, ஓட்டை போட வேண்டியது போட்டு, வெல்டிங் முடிஞ்சதும் மொத்தமா கழட்டுங்க. ஏற்கனவே ஒரு தடவை பூட்டிப் பாத்ததால இந்தத் தடவை வேகமா போகும்.

பவுடர் கோட்டிங் கடைக்கு பிரேம் போறதுக்கு முன்னாடி பேரிங் உக்கார்ற இடம், போல்ட் மரை, எர்த் புள்ளி எல்லாத்தையும் மூடச் சொல்லி எழுதியே குடுங்க. பிரேம் நம்பர் மேல சாண்ட்பிளாஸ்ட் அடிக்கவே கூடாது, கோட்டிங்கும் தடிப்பா ஏறக்கூடாது, நம்பர் படிக்க முடியலன்னா முதல் படியில சொன்ன அதே போலீஸ் பிரச்சனை உங்க சொந்த வண்டிக்கே வரும்.

டேங்க் பெயிண்ட்டுக்கு மாசம் பாருங்க. தைப்பூசக் காவடி நேரத்துல டர்பன் புழுக்கம் உச்சத்துல இருக்கும், அடிச்ச பெயிண்ட் மேல ஈரம் படிஞ்சு பால் மாதிரி மங்கிடும். ஜூன், ஜூலைதான் சரியான காலம், மழை கம்மி, காத்து காய்ஞ்சிருக்கும். துரு எடுத்து, புட்டி போட்டு, பிரைமர் அடிச்சுத் தேய்க்கறது வரைக்கும் வீட்டுல பண்ணலாம். கடைசி 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கற) கிளியர் கோட்டை ஸ்ப்ரே பூத் வச்சிருக்கறவங்ககிட்ட குடுங்க. அதுல இருக்கற ஐசோசயனேட் மூச்சுல போனா ஆஸ்துமா வரும், துணி மாஸ்க்கால ஒண்ணும் ஆகாது, கராஜ் வீட்டோட ஒட்டியிருந்தா புள்ளைங்களும் அதைத்தான் சுவாசிக்கும். 2கே இல்லாத சாதா ஸ்ப்ரே கேன் பெட்ரோல் சிந்துனா கரைஞ்சு ஓடும், டேங்குக்கு ஆகாது.

போல்ட் எல்லாம் ஸ்டெயின்லஸ் போடணும்னு ஆசை வரும். அலுமினியத்துல ஸ்டெயின்லஸ் போட்டா உப்புக் காத்துல ரெண்டும் கூடி அரிச்சு இறுகிடும், அதனால ஒவ்வொரு மரையிலயும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவித்தான் மாட்டணும். பிரேக் காலிப்பர், ஆக்ஸில் மாதிரி உயிர் தாங்கற இடத்துல ஒரிஜினல் ஸ்டீல் போல்ட்டே இருக்கட்டும்.

## 11. கடைசிப் பூட்டு, ரன்னிங்-இன்

ரோட்வொர்த்திக்கு இப்பப் போங்க, பாஸ் ஆனதும் அந்த 60 நாளுக்குள்ள பேப்பர் வேலையை முடிச்சுடுங்க.

புது பிஸ்டன் போட்டிருந்தா முதல் 500 கிலோமீட்டர் பாதி த்ராட்டிலுக்கு மேல நிறுத்திப் பிடிக்காதீங்க, ஒரே வேகத்துலயும் ஓட்டாதீங்க, ஏத்தி இறக்கி ஓட்டுங்க. பெட்ரோல் 95 போடுங்க. பைன்டவுன் பக்கத்து பீல்ட்ஸ் ஹில் மாதிரி செங்குத்தான ஏத்தம் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க: ஏறும்போது புது பிஸ்டனுக்குச் சூடு அதிகம், இறங்கும்போது அதை விட மோசம். த்ராட்டிலை மூடி கியர்ல விட்டு நீளமா இறங்குனா எஞ்சின் வேகமா சுத்துது, ஆனா பெட்ரோலும் வரல, ஆயில் பம்பும் த்ராட்டிலோட சேந்து கொறைஞ்சுடுது, காஞ்சு போய் சீஸ் ஆகும். எந்த இறக்கத்துலயும் அப்பப்ப கிளட்ச் பிடிச்சு த்ராட்டிலை லேசா முறுக்கி விடுங்க. ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேல இருக்கட்டும், பின் சக்கரம் இழுத்த மாதிரி ஒரு சின்ன தயக்கம் தெரிஞ்சாலே அமுக்கிடணும்.

500 ஆனதும் எஞ்சின் ஆறுன பிறகு ஹெட் நட்டை மேனுவல்ல இருக்கற வரிசையில டார்க் பாருங்க, கியர் ஆயிலை மாத்துங்க, செயின் இறுக்கம், ஸ்போக் இல்லாத அந்த அலாய் வீல்ல வெடிப்பு ஏதும் இருக்கான்னு ஒரு பார்வை. ரெண்டு வாரத்துக்கு மேல நிக்கப் போகுதுன்னா பெட்ரோல் டேப்பை மூடி கார்ப் கிண்ணத்துல இருக்கறதை வடிச்சுடுங்க, பைலட் ஜெட்டுல திரும்பப் பிசின் கட்டாது.